காலைச் சர்க்கரை மட்டும் ஏன் குறையவில்லை? - நீரிழிவு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 48. போன மாதம்தான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 7.9. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். குளுக்கோமீட்டர் வாங்கி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் அளக்கிறேன். 140, 151, 138, 160 என்று ஏறி இறங்குகிறது. எண் கூடிவிட்டால் அன்று முழுவதும் எந்த வேலையும் ஓடுவதில்லை. இரவுச் சாப்பாட்டை விட்டும் பார்த்தேன். மறுநாள் காலையிலும் அதே 150. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் நம்மை எழுப்புவதற்காக கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை உடலில் கூடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்யும் உடலில் இது உடனுக்குடன் சரியாகிவிடும். நீரிழிவு உள்ளவருக்கு அப்படி ஆவதில்லை; ஒரு கவளமும் சாப்பிடாமலேயே எண் கூடும். இரவு பட்டினி கிடந்தும் பலன் இல்லாமல் போனது இதனால்தான். இனி அப்படிப் பட்டினி கிடக்காதீர்கள். வேறு சில மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியும்.

காலை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் இன்னொரு குறை உண்டு. என்னிடம் வருபவர்கள் நீட்டும் நோட்டுப் புத்தகங்களில் 'வெறும் வயிறு' என்ற கட்டம் மட்டும் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். மற்றக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அத்தனை முறை விரலைக் குத்தியும், எந்தச் சாப்பாடு தனக்கு ஒத்துக்கொள்கிறது, எது ஏற்றுகிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும்.

எண்களை ஜோடியாக எடுங்கள். ஏதாவது ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிட உட்காரும் முன் ஒரு முறை. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. முன்னால் 124, பின்னால் 212 என்று வைத்துக்கொள்வோம். 88 ஏறியிருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்பதைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். அடுத்த நாள் அதே சாப்பாட்டில் மாவுச்சத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காய்கறியைக் கூட்டிப் பாருங்கள். அதற்கடுத்த நாள் அளவைப் பழையபடி வைத்து, சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்பது பிடிபடும். யாரோ எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலைவிட இந்தக் குறிப்பு உங்களுக்குப் பல மடங்கு உதவும். இது உங்கள் உடலே சொன்னது.

இலக்கு என்ன? பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பிடும் முன் 80 முதல் 130 வரை, இரண்டு மணி நேரம் கழித்து 180க்குக் கீழ். கர்ப்பிணிகளுக்கு இதைவிடக் கண்டிப்பான அளவு. வயதில் மூத்தவர்களுக்குச் சற்றுத் தளர்வான அளவு. உங்கள் எச்பிஏ1சி 7.9 என்றால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 180. அதை 7க்குக் கொண்டுவந்தால் சராசரி 154 ஆகும். ஒரே காலையில் 160 காட்டியதற்காக உடைந்துபோக வேண்டியதில்லை என்பது இப்போது புரியும்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கும் நீங்கள் வாழ்நாள் முழுக்கத் தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை. இந்தத் தொடக்கக் காலத்தில் நன்றாக அளந்து கற்றுக்கொள்ளுங்கள். பிறகு மருந்து மாறும்போதும், காய்ச்சல் வரும்போதும், ஸ்டீராய்டு மருந்து எடுக்க நேரும்போதும் அளந்தால் பெரும்பாலும் போதும். காலை எண் தொடர்ந்து 130க்கு மேலேயே நின்றால், மருந்தை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. நீங்கள் இன்னும் குறைத்துச் சாப்பிட்டு ஈடுகட்டும் விஷயம் இல்லை அது.

கேள்வி: ஆய்வகத்தில் 132 என்றார்கள். அதே நேரத்தில் என் கருவி 146 காட்டியது. கருவியை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். வீட்டுக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197, 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீத வேறுபாடு வரை ஏற்கத்தக்கது. 132க்கு 146 அதற்குள் அடங்குகிறது. ஒப்பிடும்போது வெறும் வயிற்றில் ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பின் விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை, ஆய்வகத்தில் கையின் ரத்தக்குழாயில் எடுக்கும் ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

நம்ப முடியாத எண் வந்தால் முதலில் கையைச் சந்தேகியுங்கள். என் அறையிலேயே ஒருவர் அளந்தபோது 260க்கு மேல் காட்டியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. சற்று முன்புதான் பழம் உரித்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வேறு விரலில் எடுத்தோம். 148. விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு அந்தச் சின்னத் துளி ரத்தத்தை அப்படிக் கெடுத்துவிடும். ஈரமும் ஆகாது, ரத்தம் நீர்த்துப்போகும். கிருமிநாசினி தடவினால் அது முழுவதும் உலர்ந்த பிறகே குத்த வேண்டும். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் அதன் டப்பாவை இறுக மூடுங்கள். காற்றின் ஈரப்பதம் பட்டாலும், காலாவதி ஆனாலும் ஸ்ட்ரிப் பொய் சொல்லும்.

கேள்வி: 71 வயதான என் தந்தை சர்க்கரை நோய்க்குக் கிளிமிப்பிரைடு மாத்திரை எடுக்கிறார். நேற்று மாலை குப்பென்று வியர்த்து, கை நடுங்கியது. அளந்தால் 64. என்ன செய்வது?

பதில்: 70க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை, காத்திருக்கக் கூடாது. 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். இன்னும் 70க்குக் கீழ் என்றால் மீண்டும் அதே அளவு கொடுங்கள். எண் ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். சாக்லேட் இதற்கு ஆகாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நேற்றோடு போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். இன்றே அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கலாம். இந்த வயதில் அடிக்கடி தாழ்வது, சற்று உயர்ந்திருப்பதைவிட எனக்கு அதிகக் கவலை தரும்.

கேள்வி: வீட்டில் இருவருக்குச் சர்க்கரை. விரலைக் குத்தும் பேனா ஒன்று போதுமா?

பதில்: போதாது. ஊசியை மாற்றினாலும் பேனாவைப் பகிரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துகள் வழியே ஹெபடைட்டிஸ் பி பரவக்கூடும். ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.