நிறுத்தி வைத்த நொதி திரும்ப எழுமா? – கேள்வி பதில்

மேடம், ஒரு தடுப்பான் நொதியை (என்சைமை) நிறுத்திவிட்டது. அது தற்காலிகமா நிரந்தரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதுகலை ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறேன்.

நீர்க்கச் செய்து பாருங்கள். நொதியை வழக்கத்தைவிட 100 மடங்கு செறிவில் எடுத்துக்கொண்டு, செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் அளவைப் போல 10 மடங்கு தடுப்பானைச் சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு, வினைபடு பொருள் (நொதி வேலை செய்யும் பொருள்) உள்ள கரைசலில் 100 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். இப்போது தடுப்பான், செயல்பாட்டைப் பாதியாக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். உடனே விலகுகிற தடுப்பான் என்றால் செயல்பாடு 90 சதவீதம் அளவுக்குத் திரும்பி, நேரத்தோடு விளைபொருள் கூடுவதைக் காட்டும் வரைபடம் ஆரம்பத்திலிருந்தே நேர்கோடாகப் போகும். மெதுவாக விலகுவது என்றால் கோடு வளைந்து ஏறும், விலகவே இல்லை என்றால் தரையோடு கிடக்கும். டயாலிசிஸும் (சவ்வு வழியே தடுப்பானை வெளியேற்றுவது) செய்யலாம், ஆனால் அதற்கு மணிக்கணக்காகும், அதற்குள் நொதி தானாகவே கெட்டுப்போகலாம். அதனால் தடுப்பான் சேர்க்காத ஒரு மாதிரியைக் கூடவே வையுங்கள். அது இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன்.

தடுப்பானுக்கும் நொதிக்கும் இடையே சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிரும் வலுவான பிணைப்பு) உண்டாகிவிட்டால் நொதி திரும்பாது என்று படித்தேன். சரிதானா?

இல்லை. நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை உடைக்கும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் நொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செயலிடத்தில் (வினை நடக்கும் இடத்தில்) செரின் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. அசிட்டைல்கோலின் உடையும்போது அதன் அசிட்டைல் பகுதி அந்தச் செரினோடு சகப்பிணைப்பில்தான் சேர்கிறது, ஒரு மில்லிநொடிக்குள் தண்ணீர் அதைக் கழற்றிவிடுகிறது. நியோஸ்டிக்மின் என்ற மருந்து அதே செரினில் ஒரு கார்பமைல் தொகுதியை வைக்கும், அதுவும் சகப்பிணைப்புதான், கழல மட்டும் அரை மணி, ஒரு மணி என்று ஆகும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி வைக்கும் பாஸ்பேட் தொகுதியைத் தண்ணீரால் லேசில் கழற்ற முடியாது. பிராலிடாக்சிம் என்ற ஆக்சிம் வகை மருந்தால் முடியும், அதுவும் நேரத்தோடு கொடுத்தால்தான், ஏனென்றால் அந்தத் தொகுதி தன்னிடமுள்ள ஒரு ஆல்கைல் பகுதியை இழந்துவிட்டால் அப்புறம் எந்த ஆக்சிமும் வேலை செய்யாது, உடல் புது நொதியைச் செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரே செரின், ஒரே வகைப் பிணைப்பு, திரும்பும் காலம் மட்டும் மில்லிநொடியிலிருந்து 'என்றைக்கும் இல்லை' வரை போகிறது. அதனால் யாராவது 'மீளும் தடுப்பான்' என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, எவ்வளவு நேரத்தில் என்பதைத்தான்.

ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ஒரே நொதியைத்தானே தடுக்கின்றன? ஆஸ்பிரின் விளைவு மட்டும் ஏன் நாள்கணக்கில் நிற்கிறது?

ஐபுப்ரோஃபென் அந்த நொதியான சைக்ளோஆக்சிஜனேஸில் வந்து உட்கார்ந்து எழுந்து போய்விடும். ஆஸ்பிரின் தன் அசிட்டைல் தொகுதியை நொதியிலேயே விட்டுவிட்டுப் போகும், அது கழலாது. மற்ற செல்கள் புது நொதியைச் செய்துகொள்ளும், ரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு இல்லாததால் அந்த வழி அடைபட்டது, அந்தத் தட்டணு வாழும் 7 முதல் 10 நாள் வரைக்கும் அப்படியேதான். இன்னொன்று: ஐபுப்ரோஃபென் முன்னாடியே இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஆஸ்பிரின் உள்ளே போக முடியாது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் ஐபுப்ரோஃபெனும் எடுக்க நேர்ந்தால் எதை எப்போது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கொதிக்க வைத்தால் எல்லா நொதியும் செத்துவிடும்தானே அக்கா?

ஆர்என்ஏவை வெட்டும் ரைபோநியூக்ளியேஸ் சாகாது, ஆர்என்ஏ வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 124 அமினோ அமிலம், நான்கு டைசல்பைடு பாலம் (கந்தகப் பிணைப்பு), சின்னப் புரதம். சூட்டில் அவிழும், ஆறினால் மறுபடி மடிந்துகொள்ளும், ஆட்டோகிளேவை (அழுத்த நீராவிக் கலனை) மட்டும் நம்பினால் ஆர்என்ஏ போய்விடும். யூரியாவால் அவிழ்த்துப் பாலங்களையும் உடைத்த பிறகுகூட அது தானாக மடிந்து வேலைக்குத் திரும்பும் என்று காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன், 1972 நோபல் பரிசு அவருக்கு. முட்டை வெள்ளைக்கரு திரும்பாததற்குக் காரணம், அவிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று சிக்கித் திரண்டுவிடுகின்றன. அவிழ்வதைவிடத் திரள்வதுதான் பெரும்பாலும் கேடு.

செல் தன் நொதிகளைத் தானே நிறுத்துமா?

எந்நேரமும். சேமித்த கிளைக்கோஜனை உடைக்கும் கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் ஒரு பாஸ்பேட் ஏறினால் விழிக்கும், இறங்கினால் அடங்கும். 1950-களில் ஃபிஷரும் கிரெப்ஸும் கண்டது இது. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் தரை அணிலில் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி நேர் எதிர், பாஸ்பேட் ஏறினால்தான் அடங்கும். பட்டினி கிடக்கும் பாக்டீரியா, புரதம் செய்யும் ரைபோசோம்களை இரண்டிரண்டாக ஒட்டி ஓரமாக வைத்துவிடும், உணவு வந்ததும் பிரித்து எடுத்துக்கொள்ளும்.

கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டால் அது மீளுமா?

மீளும். ஆனால் ஹீமோகுளோபினில் பாதி விலகச் சாதாரணக் காற்றில் 5 மணி நேரம் போல ஆகும், தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதனால்தான் உடனே மருத்துவமனை.

பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்க ஹாட் ஸ்டார்ட் டாக் (சூடாக்கினால்தான் விழிக்கும் நொதி) வாங்கினேன், ஜெல்லில் டிஎன்ஏ பட்டை மங்கலாக வருகிறது. என்ன காரணம்?

உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஆன்டிபாடியால் கட்டிவைத்த டாக் 95 டிகிரியில் ஓரிரு நிமிடத்தில் விடுபடும், ஏனென்றால் ஆன்டிபாடிதான் குலைகிறது, டாக் தாங்கும். வேதிப்பொருளால் மூடி வைத்ததற்கு 10 நிமிடம் வரைகூட வேண்டும். அந்த வகைக்கு 2 நிமிடம் மட்டும் கொடுத்திருந்தால் பெரும்பகுதி இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தம். வேறு எதையும் மாற்றாமல் முதல் சூட்டு நேரத்தை மட்டும் கூட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.