மஞ்சள் பசு பச்சையாகாமல் இருக்க

வணக்கம். ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1911இல் தீட்டிய 'மஞ்சள் பசு' ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைவதாகவும், மஞ்சள் உடல் நீலத் திட்டுகளைத் தொடும் இடமெல்லாம் சேற்றுப் பச்சையாவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கையில் குறையில்லை, அவசரம்தான் காரணம். எண்ணெய் வண்ணம் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

முதலில் மஞ்சளை, வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் கலந்து மெல்லிதாகப் பூசுங்கள். நீலம் வரவேண்டிய இடத்தை வெறுமையாகவே விடுங்கள், ஓரத்தில் நூலளவு இடைவெளியும் இருக்கட்டும். விரல் வைத்தால் ஒட்டாத நிலை வந்தபின், மஞ்சளைத் தொடாத வேறொரு தூரிகையால் நீலத்தை வையுங்கள். மேல் அடுக்கில் ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இது தலைகீழானால் பின்னாளில் வண்ணம் விரிசல் விடும்.

நிழலுக்காக மஞ்சளில் கறுப்பைச் சேர்க்கிறீர்களா? அதுவும் பச்சையைத்தான் தரும். ஆரஞ்சைச் சேர்த்துப் பாருங்கள்.

மார்க் தன் ஓவிய நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் மஞ்சளை மென்மையும் மகிழ்ச்சியும் கொண்ட நிறம் என்றார். துள்ளும் அந்தப் பசுவின் உயிரே அந்த மஞ்சள்தான். இதுவரை பூசியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வயிற்றுப் பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.