சீட்டில் உள்ள பெயரும் துணியில் உள்ள இழையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆடை, அணிகலன் ஆகியவற்றுக்கான பொருள்களைப் பற்றி இம்முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: விற்பனைச் சீட்டில் அச்சிட்ட பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரு பொருள் எங்கே விளைந்தது என்பதைவிட, அது எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பதில்களையும் அந்த நோக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மூங்கில் துணி என்று விற்கப்படும் சட்டை, தொட்டால் பட்டுப்போல் இருக்கிறது. பருத்தியைவிட அது சுற்றுச்சூழலுக்கு உகந்ததா?

அந்த மென்மையிலேயே பாதி விடை இருக்கிறது. மூங்கில் தண்டைச் சிதைத்து நேரடியாகப் பிரித்தெடுக்கும் நார் முரடானது. அதில் நெய்த துணி சந்தைக்கு வருவது அரிது. மூங்கில் துணி என்று கிடைப்பது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, அதிலிருந்து பெறும் செல்லுலோஸைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துப் பிசுபிசுப்பான கரைசலாக்கி, அதை நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்தும்போது இழை உருவாகிறது. அப்படி வெளிவருவது வெறும் செல்லுலோஸ் மட்டுமே என்பதால், மூலப்பொருள் மூங்கிலாக இருந்தாலும் யூகலிப்டஸாக இருந்தாலும் இழையில் வேறுபாடு இராது. கார்பன் டைசல்பைடு ஆலைத் தொழிலாளர்களின் நரம்புகளையும் இதயத்தையும் பாதிக்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ரேயானை மூங்கில் என்று விற்ற விவகாரத்தில், அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்குகளின் விளைவாக, 2022இல் இரண்டு பெரிய விற்பனை நிறுவனங்கள் மொத்தம் 55 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தால் தெரியாதா என்று சிலர் கேட்பதுண்டு. பருத்தி நூல் காகிதம் கருகும் வாடையுடன் எரிந்து மிருதுவான சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டர் உருகிக் கருத்த, கெட்டியான மணியாகத் திரளும். ஆனால் விஸ்கோஸும் பருத்தியைப் போலவே எரிவதால், இந்தக் கேள்விக்கு அந்தச் சோதனை உதவாது. சீட்டில் ‘லையோசெல்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து, ஆனால் வேறு முறையில் செய்யப்படும் இழை. அம்முறையில் செல்லுலோஸைக் கரைக்கப் பயன்படும் கரைப்பானில் 99 சதவீதத்துக்கும் மேல் மீட்கப்பட்டு மீண்டும் பயனுக்கு வருகிறது. மூங்கிலோ வேறு மரமோ, லையோசெல்லாக வந்தால் தயக்கமின்றி வாங்கலாம்.

கேள்வி: ஆர்கானிக் பருத்திக்குப் பல முத்திரைகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஜிஓடிஎஸ் (உலக ஆர்கானிக் துணித் தரநிலை) முத்திரை பெறத் துணியில் குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும் என்பதோடு, சாயமிடுதல், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கும் விதிகள் உண்டு. ஓசிஎஸ் (ஆர்கானிக் உள்ளடக்கத் தரநிலை) முத்திரை ஆர்கானிக் இழையின் அளவை மட்டுமே உறுதிசெய்கிறது. அந்தப் பருத்தி எந்தச் சாயத்தொட்டியில் இறங்கியது என்பதை அது கேட்பதில்லை. ஓகோ-டெக்ஸ் 100 என்பது, விற்பனைக்கு வரும் துணியில் உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்ற சோதனை. அதை ஆர்கானிக் சான்றாகக் கொள்வது பிழை.

தண்ணீர்ச் செலவை இந்த முத்திரைகளைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1960களிலிருந்து மத்திய ஆசியாவின் அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பெரும்பாலும் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதால்தான் ஆரல் கடல் வற்றியது. அந்த வயல்களில் பூச்சிமருந்து தெளிக்காமல் இருந்திருந்தாலும் கடல் வற்றித்தான் இருக்கும். ஆகவே மானாவாரிப் பருத்தி என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். அல்லது பொதுவாகக் குறைந்த பாசனத்தில் விளையும் ஆளிச்செடியிலிருந்து வரும் லினனைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து செய்த பாலியஸ்டர் ஆடை வாங்கலாமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. பாட்டிலை மீண்டும் பாட்டிலாக்க முடியும். சட்டையான பிறகு அந்தப் பிளாஸ்டிக் அநேகமாக அங்கேயே முடிந்துவிடுகிறது, பருத்தியுடன் கலந்து நெய்திருந்தால் பிரிப்பது இன்னும் கடினம். புதிய பாலியஸ்டரைப் போலவே இதுவும் துவைக்கும்போது நுண்ணிழைகளை நீரில் விடுகிறது. எனவே அடிக்கடி துவைக்காத மழைச்சட்டை, கைப்பை, முதுகுப்பை போன்றவற்றுக்கு ஏற்றுக்கொள்வேன். நாள்தோறும் துவைக்கும் உள்ளாடைக்கும், மேற்பரப்பில் பஞ்சு கிளம்பிய குளிராடைக்கும் வேண்டாம் என்பேன்.

கேள்வி: அப்படியானால் ஏற்கெனவே வைத்திருக்கும் பாலியஸ்டர் உடைகளைக் கழித்துவிட்டு இயற்கை இழைக்கு மாறிவிடட்டுமா?

வேண்டாம். அவற்றைக் கிழியும்வரை உடுத்துங்கள். குளிர்ந்த நீரில், இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்தால் இழை உதிர்வதும் குறையும்.

கேள்வி: இயற்கைச் சாயம் என்றால் முழுக்கப் பாதுகாப்பானதுதானே?

சாயம் இயற்கையானதாக இருக்கலாம். அதைத் துணியில் பிடிக்கவைக்கும் நிறமூன்றி எது என்று கேளுங்கள். படிகாரமும் இரும்பு உப்பும் பெரும்பாலும் கவலைக்குரியவை அல்ல. குரோமிய உப்பைப் பயன்படுத்தினால் மஞ்சளும் மஞ்சிட்டியும் சேர்ந்தாலும் அந்தக் கழிவுநீர் நஞ்சுதான். அவுரிக்கு நிறமூன்றி தேவையில்லை. எனினும் நீரில் கரையாத அதைக் கரையச்செய்யப் பல பட்டறைகளில் ஹைட்ரோசல்பைட் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள்; நொதிக்கவைத்துச் செய்யும் பழைய முறை மெதுவானது, ஆனால் தூய்மையானது. நாலு துவைப்பில் வெளிறிப் பெட்டிக்குள் போகும் துணியால் யாருக்கும் பயனில்லை என்பதால், சாயம் நிலைக்குமா என்பதையும் கேட்டறிவது நல்லது.

கேள்வி: திருமண மோதிரத்துக்கு மறுசுழற்சித் தங்கமும் ஆய்வக வைரமும் போதுமா?

தங்கத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. ஆண்டுதோறும் சந்தைக்கு வரும் தங்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பழைய தங்கத்தை உருக்கியதே. ஆகவே ‘மறுசுழற்சி’ என்ற சொல்லால் எந்தச் சுரங்கமும் மூடப்படுவதில்லை; பட்டறையில் சிதறிய புதிய தங்கத் துகள்களையும் சிலர் அதே பெயரில் சேர்த்துக்கொள்கிறார்கள். பெரும் கேடு நிகழும் இடம் வேறு. சிறு அளவில் தோண்டுவோர் தாதுத்தூளில் பாதரசத்தைக் கலந்து தங்கத்தைத் திரட்டி, அந்தக் கலவையை நெருப்பில் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்குகிறார்கள். மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு இதுவே மிகப் பெரிய ஒற்றை மூலம். 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசம் குறித்த பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை இதைக் குறைக்கும்படி நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் அணியாமல் கிடக்கும் நகையை உருக்கி மோதிரம் செய்வதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். புதிதாக வாங்குவதானால், எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று காட்டும் ஃபேர்மைன்ட், ஃபேர்ட்ரேட் போன்ற சான்றுள்ள தங்கத்தைத் தேடுங்கள்.

ஆய்வக வைரத்துக்கு நிலத்தைத் தோண்டத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் மீத்தேனும் ஹைட்ரஜனும் நிரப்பிய கலத்தில், உயர் வெப்பத்தில், நாள்கணக்காக இடைவிடாமல் மின்சாரம் செலுத்தித்தான் அந்தக் கல் படிப்படியாக வளர்க்கப்படுகிறது. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் அந்தப் பெருமையில் பாதி போய்விடும். மின்சாரத்தின் மூலத்தைச் சொல்லும் உற்பத்தியாளரிடம் வாங்குங்கள். சுரங்க வைரத்துக்குக் காட்டப்படும் கிம்பர்லி சான்றிதழ், கிளர்ச்சிக் குழுக்களின் போருக்குப் பணம் போகவில்லை என்பதற்கானது. அதில் காட்டைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ எதுவும் இல்லை.

கேள்வி: மலிவான அணிகளில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

முலாம் பூசிய அணிகளை எனக்குப் பிடிக்காது. காதணியின் கொக்கியையும் மோதிரத்தின் உட்புறத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: முலாம் முதலில் தேய்வது அங்கேதான், அடியிலிருந்து பித்தளையோ நிக்கலோ எட்டிப் பார்க்கும். நிக்கல் பலருக்குத் தோல் அரிப்பைத் தரும். பல உலோகங்கள் படலம் படலமாக ஒட்டியிருப்பதால் மறுசுழற்சியும் எளிதல்ல. மிக மலிவான உலோகக் கலவைகளில் காட்மியமும் ஈயமும் இருக்கக்கூடும்; ஐரோப்பிய ஒன்றியம் நகையின் உலோகப் பகுதிகளில் காட்மியத்தை 0.01 சதவீதத்துக்கும், ஈயத்தை 0.05 சதவீதத்துக்கும் கீழே வைக்கச் சொல்கிறது. முழுப் பித்தளை, முழுச் செம்பு, 92.5 சதவீத வெள்ளி ஆகியவை மெருகு மங்கினாலும் தேய்த்தால் மீளும், உருக்கினால் மறுபடியும் உலோகமே. காய்ந்த பூவைப் பதித்த எபாக்சி ரெசின் பதக்கங்கள் அழகானவைதாம். ஆனால் இறுகிய எபாக்சியை மீண்டும் உருக்க வழியில்லை.

கேள்வி: பவளம், ஆமையோடு, முத்து ஆகியவை இயற்கைப் பொருள்கள்தானே?

நகைக்குரிய செம்பவளம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருப்பதில்லை. புதிதாக எடுத்த பவளத்தைத் தவிர்த்துவிடுங்கள். அழகிய ஆமையோடு தரும் அழுங்காமை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பரம்பரையாக வந்த பொருளானாலும் உரிய அனுமதித் தாளில்லாமல் அதை நாட்டின் எல்லை தாண்டிக் கொண்டுசெல்லக் கூடாது. வளர்ப்பு முத்து இவற்றைவிட நல்ல தேர்வு: சிப்பிகளுக்குத் தீவனம் போடத் தேவையில்லை, அவை நீரை வடிகட்டியே உணவெடுக்கின்றன. விற்பவர் காட்டுவது முத்துதானா என்ற ஐயம் வந்தால் நூல் நுழையும் துளையின் ஓரத்தைப் பாருங்கள். பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் மணியானால் அந்த இடத்தில் பூச்சு உரிந்திருக்கும்.