கண் மட்டும் ஏன் அத்தனை பெரிது?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஜப்பானிய அனிமேஷனான அனிமே பாணியிலேயே வரைகிறாள். முகத்தில் பாதி கண். இடுப்போ ஒரு பிடிக்குள் அடங்குகிறது. கால்கள் முடிவதே இல்லை. கை இப்படியே பழகிக் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். இந்த மிகைக்கு என்ன காரணம்?
– ஒரு வாசகி

பதில்: கை கெடாது, ஆனால் மிகையின் கணக்கை உங்கள் மகள் அறிந்துகொள்ள வேண்டும்.

பெரிய கண்களை ஜப்பானில் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் ஒசாமு தெசுகா. அமெரிக்கக் கார்ட்டூன்களை விரும்பிப் பார்த்து வளர்ந்த அவர், அவற்றின் வட்டக் கண்களைத் தம் மங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளுக்குள் கொண்டுவந்தார். 1963 ஜனவரி முதல் நாளில் அவருடைய ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடராக வரத் தொடங்கியபோது, அந்தக் கண்களுக்குப் புதிய பொறுப்பு வந்து சேர்ந்தது. நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் படத்தில், பணமும் நேரமும் போதாமையால் ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்கள் வரை நிறுத்திவைத்து, நொடிக்கு 8 ஓவியங்களோடு சமாளித்தார்கள். உடல் அசையாமல் நிற்க, இமையும் வாயும் மட்டும் அசையும் காட்சியில் மனத்தைச் சொல்லக் கண்ணை விட்டால் வேறு வழி ஏது? உங்கள் மகள் வரைந்த கண்ணையே உற்றுப் பாருங்கள்: கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விட்டிருப்பார். அதை மையால் மூடிவிட்டால், வேறொரு கோட்டையும் தொடாமலே அந்த முகம் நம்பிக்கை இழந்துவிடும்.

உடலைத் தலையின் உயரத்தால் அளப்பது ஓவியர் வழக்கம். நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் தாலம் எனக் கொண்டு சிலையை அளப்பதும் இத்தகையதே. வளர்ந்த மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம் இருப்பார். ‘சிபி’ எனப்படும் குட்டி உருவம் இரண்டு, மூன்று தலைக்குள் அடங்கிவிடும். மழலைக்குரிய அந்தப் பெரிய தலையைக் கண்டதும் நமக்குக் கனிவு பிறக்கிறது. அனிமே தயாரிப்பில் ஒரே பாத்திரத்தைப் பலர் வரைவதால், முன், பக்க, பின் தோற்றங்களைக் காட்டும் மாதிரித் தாளை முதலிலேயே வரைந்து கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து விலகும் ஓவியங்களை அனிமேஷன் இயக்குநர் திருத்துவார். ஆகவே இந்த மிகை, கைபோன போக்கில் வந்தது அன்று.

எல்லா மிகையும் ஏற்கத்தக்கது என்று நான் சொல்லவில்லை. பெண் பாத்திரங்களின் இடுப்பும் காலும் கதைக்காக அன்றிப் பார்ப்பவரின் கண்ணுக்காகவே நீட்டப்படுவதும் குறுக்கப்படுவதும் உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. அந்தக் கால்களால் அந்தப் பாத்திரத்துக்கு ஓட முடியுமா என்று மகளிடம் கேளுங்கள். அனிமே முழுவதும் இப்படித்தான் என்றும் எண்ண வேண்டாம். கட்சுஹிரோ ஒட்டோமோ இயக்கி 1988இல் வெளிவந்த ‘அகிரா’ படத்தில் கண்கள் சிறியவை, உடல்கள் இயல்பானவை.

வீட்டில் ஒருவரை நிற்க வைத்து, கையை நீட்டிப் பென்சிலால் தலையை அளந்து, உடலில் அது எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணி வரையச் சொல்லுங்கள். பிறகு அதே ஆளை மூன்று தலை உயரத்தில் வரையட்டும். எதைச் சுருக்கினோம், எதை விட்டுவைத்தோம் என்பது அப்போது அவருக்கே புலப்படும்.