சிட்னிக்குக் குடிபெயரலாமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்குகள்

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். மென்பொருள் துறையில் பணிபுரியும் என் கணவருக்கு 41 வயது. சிட்னியில் உள்ள ஒரு நிறுவனம், தானே விசாவுக்கு ஏற்பாடு செய்து, நான்கு ஆண்டுகளுக்கு அவரை வேலைக்கு அழைக்கிறது. ஆண்டுக்கு மொத்தத் தொகுப்பு 1,20,000 ஆஸ்திரேலிய டாலர். அலுவலகம் மெக்குவாரி பார்க்கில் இருக்கிறது. நான் தனியார் பள்ளியில் கணித ஆசிரியை, பி.எஸ்சி.க்குப் பின் 2012 இல் பி.எட். முடித்தேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று. வெயிலும் கடற்கரையும் உள்ள ஊர், பல நாட்டு மக்களும் கலந்து வாழ்கிறார்கள், தமிழர்களும் அதிகம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மகன் சற்று வளரட்டும், இரண்டு ஆண்டு கழித்துப் போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒத்திப்போடும் யோசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அதில்தான் இழப்பு அதிகம். நிறுவனம் ஏற்பாடு செய்யும் விசா பெரும்பாலும் 482 ஆம் வகையாக இருக்கும். அந்த விசாவில், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இரண்டு ஆண்டு பணிபுரிந்தவர், நிறுவனம் பரிந்துரைத்தால் 186 ஆம் வகை நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், சில விதிவிலக்குகள் தவிர, விண்ணப்பிக்கும் நாளில் அவருக்கு 45 வயது நிறைந்திருக்கக் கூடாது. உங்கள் கணவர் இந்த ஆண்டே சென்றால் அந்த வயதுக்குள் தகுதி பெற்றுவிடுவார். 43 வயதைக் கடந்து சென்றால், இரண்டு ஆண்டுப் பணி முடியும் வேளையில் வயது வரம்பு தாண்டிவிடும். நான்கு ஆண்டு சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புவதே உங்கள் நோக்கம் என்றால் இந்தக் கவலை வேண்டாம். எனவே நிரந்தரமாக அங்கே வாழ விரும்புகிறீர்களா என்பதை நீங்கள் இருவரும் முதலில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

இனி ஊர். படங்களில் நாம் காணும் சிட்னி, பாண்டை, மேன்லி போன்ற கடற்கரைகளும், துறைமுகப் பாலமும், ஓப்பரா ஹவுஸும் அமைந்த ஒரு குறுகிய கிழக்கு ஓரம். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நகரத்தில் பெரும்பாலோரின் வீடு கடலோரத்தில் இல்லை. வாடகையும், உறவும் கோயிலும் கடைகளும் அருகில் இருக்க வேண்டும் என்ற விருப்பமும் சேர்ந்து, தமிழ்க் குடும்பங்களில் பலரை மேற்கே பாரமட்டா, வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி போன்ற புறநகர்களில் குடியமர்த்தியிருக்கின்றன. பாரமட்டாவே நகர மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ரயிலும் பேருந்தும் மாறிப் பாண்டை கடற்கரையை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே நீங்கள் குடியேறப்போவது, விடுமுறை நாளில் கடலைச் சென்று பார்த்துத் திரும்பக்கூடிய ஓர் உள்நாட்டுப் புறநகருக்கு. அந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்குமா என்பதே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

வெயிலும் இந்தக் கிழக்கு மேற்கு வேறுபாட்டுக்கு உட்பட்டதுதான். கோடையில் கடற்காற்று கரையோரத்தைத் தணிக்கும்போது, அது மேற்கே வந்து சேர நேரமாகும். பல நாட்களில் வலுவிழந்தே வரும். 2020 ஜனவரி 4 அன்று மேற்குக் கோடியில் உள்ள பென்ரித்தில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோயம்புத்தூர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் அது கடுமையான வெப்பம். அதே மேற்கில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதிகாலை வெப்பநிலை ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். பழைய வாடகை வீடுகள் பலவற்றில் வெப்பக்காப்பு போதாது என்பதால், குளிர் வீட்டுக்குள்ளும் இருக்கும். வெயில் நகரம் என்று பெயர் பெற்றாலும் ஆண்டு மழையளவு சராசரியாக சுமார் 1,200 மில்லிமீட்டர். 2022 இல் அது 2,500 மில்லிமீட்டரைத் தாண்டியது. வின்ட்சர் போன்ற ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைப் பகுதிகளில் வீடு பார்த்தால் வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். கோடையில் புற ஊதாக் கதிர்வீச்சின் குறியீடு 11 ஐத் தாண்டுவது அங்கே சாதாரணம். நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் ஆபத்து குறைவு என்றாலும், கண்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தொப்பி இல்லாத குழந்தையைப் பள்ளிகள் வெயிலில் விளையாட விடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

பணக் கணக்கில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். 1,20,000 டாலரை இன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, வரும் ரூபாயைப் பார்த்து மகிழ்வதை இப்போதே நிறுத்திவிடுங்கள். மொத்தத் தொகுப்பு என்று நிறுவனம் சொன்னால், ஓய்வூதிய நிதியான சூப்பர் அனுவேஷனுக்கு அது கட்ட வேண்டிய 12 சதவீதமும் பெரும்பாலும் அதற்குள் அடங்கியிருக்கும். அதைக் கழித்தால் சம்பளம் ஏறத்தாழ 1,07,000 டாலர். 2025–26 நிதியாண்டின் வரி விகிதப்படி, வரி போகக் கையில் வருவது மாதம் சுமார் 7,000 டாலர். மெடிகேர் வரியான இரண்டு சதவீதத்திலிருந்து விலக்கு பெறாவிட்டால் அதிலும் 180 டாலர் அளவுக்குக் குறையும். இந்தியர்களுக்கு அந்த விசாவில் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைப்பதில்லை என்பதால், விலக்குக்குத் தவறாமல் விண்ணப்பியுங்கள். குடும்பம் முழுவதற்கும் தனியார் மருத்துவக் காப்பீட்டை நீங்களே எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை அங்கே வாரக் கணக்கில் பேசப்படும். இரண்டு படுக்கையறைக் குடியிருப்புக்கு வாரம் 600 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கால் பெருக்கி மாதம் 2,400 என்று எழுதிவிடாதீர்கள். ஆண்டுக்கு 52 வாரங்கள் என்பதால் மாதம் 2,600 ஆகும். குடியேறும்போது முன்பணமாக நான்கு வார வாடகையும், முன்கூட்டிய வாடகையாக இரண்டு வாரத் தொகையும் கேட்கலாம். சட்டம் அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. அந்த முன்பணம் வீட்டுக்காரரிடம் இருக்காது, மாநில அரசின் பாதுகாப்பில் வைக்கப்படும். உள்ளூர் வாடகை வரலாறு இல்லாத புதியவர் என்பதால் உங்கள் விண்ணப்பம் சில முறை நிராகரிக்கப்படலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பணி நியமனக் கடிதமும், வங்கிக் கணக்கு அறிக்கையும், கோயம்புத்தூர் வீட்டுக்காரரிடம் வாங்கிய கடிதமும் கைவசம் இருந்தால் நிலைமை விரைவில் மாறும்.

உங்கள் மகனை வாரம் மூன்று நாள் குழந்தைகள் காப்பகத்தில் விட்டால், மானியம் இல்லாத நிலையில் நாளொன்றுக்கு 100 டாலர் என்று குறைத்து மதிப்பிட்டாலும் மாதம் 1,300 டாலர் செலவாகும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அந்த மானியம் கிடையாது. மகளின் பள்ளியைப் பொறுத்தவரை, சிட்னி அமைந்த மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் அரசுப் பள்ளிகள் பல தற்காலிக விசா வகைகளுக்கு ஆண்டுக் கட்டணம் வாங்குகின்றன. உங்கள் விசா எண்ணைச் சொல்லி, அந்தக் கட்டணத்தை மாநிலக் கல்வித் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; இதை அறியாமல் சென்று, முதல் பருவத்திலேயே திகைத்துப்போகும் குடும்பங்கள் உண்டு. மொத்தத்தில், இந்த ஒரு சம்பளத்தில் கௌரவமாக வாழலாம்; சேமிப்பு என்பது நீங்கள் வேலைக்குச் சென்ற பிறகே தொடங்கும்.

அதனால் உங்கள் வேலையை நான் இந்த முடிவின் நடுவில் வைக்கிறேன். துணைவருக்கு அந்த விசாவில் முழுமையாக வேலை செய்யும் உரிமை உண்டு. நியூ சவுத் வேல்ஸில் கணித ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடும் இருக்கிறது. ஆனால் மாநிலக் கல்வித் தர அமைப்பின் அங்கீகாரம் இல்லாமல் வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழைய முடியாது. பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து நான்கு ஆண்டுப் படிப்பாக இருக்க வேண்டும். உங்கள் மூன்றாண்டு பி.எஸ்சி.யும் 2012 இல் முடித்த ஓராண்டு பி.எட்.டும் சேர்ந்து அந்தக் கணக்கை நிறைவுசெய்கின்றன. மேற்பார்வையில் நடந்த கற்பித்தல் பயிற்சி எத்தனை நாட்கள் என்பதற்கான சான்றைப் பல்கலைக்கழகத்திடமோ கல்லூரியிடமோ இப்போதே வாங்கிவிடுங்கள். ஆசிரியர் தகுதியை மதிப்பிடும் தேசிய அமைப்பு அதில் குறைந்தது 45 நாட்களை எதிர்பார்க்கிறது. அங்கே சென்ற பிறகு இங்குள்ள அலுவலகங்களிடம் கடிதம் எழுதி இத்தகைய சான்றைப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத் தேர்விலும் ஆசிரியர்களுக்கான அளவு உயர்வானது: ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் கேட்டலிலும் பேச்சிலும் 8, வாசிப்பிலும் எழுத்திலும் 7 வேண்டும். மிக நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களும் முதல் முயற்சியில் இதைத் தவறவிடுவதுண்டு. தேர்வை இங்கேயே எழுதி முடித்துவிட்டால், அங்கே முதல் ஆண்டில் கையில் வேலையில்லாமல் வீட்டில் தனித்திருக்கும் நிலையைப் பெருமளவு தவிர்க்கலாம். குடிபெயர்ந்த குடும்பங்களில் மிகுந்த துயரத்தை நான் கண்டது, ஊரில் மதிப்போடு வேலை பார்த்துவிட்டு அங்கே காரணம் புரியாமல் ஓராண்டு, ஈராண்டு காத்திருக்கும் மனைவியரிடம்தான்.

எந்தப் புறநகர் என்பதற்கு வருகிறேன். உறவினர்கள் பாரமட்டா பக்கம் இருந்தால்கூட அங்கேதான் வீடு பார்க்க வேண்டும் என்பதில்லை. பாரமட்டாவிலிருந்து மெக்குவாரி பார்க்குக்கு நேரடி ரயில் கிடையாது. பேருந்திலோ, ரயில் மாறியோதான் செல்ல வேண்டும். மெக்குவாரி பார்க் இருப்பது 2019 இல் திறக்கப்பட்ட மெட்ரோ பாதையில். அதே பாதையில் உள்ள எப்பிங், காசில் ஹில், கெல்லிவில், டல்லாவாங் பகுதிகளிலும் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஐந்து நாள் என்றால் மெட்ரோ பாதையே சிறந்தது, இரண்டு நாள் என்றால் டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் உறவுகளோடு இருப்பதே நல்லது. ஆஸ்திரேலியாவில் தமிழை வீட்டில் பேசுவோர் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 95,000க்கும் மேல். ஈழத்தமிழர்கள் பல பத்தாண்டுகளாக உழைத்து உருவாக்கிய வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் மேஸ் ஹில்லில் உள்ள முருகன் கோயிலும் பின்னால் சென்ற நமக்கும் நிழல் தருகின்றன. மகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க விரும்பினால், மாநிலத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழை ஒரு பாடமாகவே எழுத முடியும். இருந்தாலும் உங்கள் நட்பு வட்டம் நம்மவர்களோடு முடிந்துவிட வேண்டாம். ஆசிரியப் பணிக்குப் பரிந்துரைப்பவரும், உள்ளூர்ப் பள்ளியின் நடைமுறையைச் சொல்லித் தருபவரும் பெரும்பாலும் வேறு நாட்டிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார்.

என் யோசனை, கணவர் முதலில் சென்று ஒரு பள்ளிப் பருவ அளவுக்குத் தனியாக இருப்பது. அந்த இரண்டு மூன்று மாதங்களில் அவர் தற்காலிக அறையில் தங்கி, வேலை நாளின் காலையிலும் மாலையிலும் பயணம் செய்து பார்த்து வீடு பிடிக்கட்டும். அங்கே கல்வியாண்டு ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ தொடங்குகிறது. வாடகை வீட்டுக்கான போட்டி மிகக் கடுமையாக இருப்பதும் அந்த மாதங்களில்தான். அவர் செப்டம்பர் வாக்கில் சென்று, நீங்கள் பிள்ளைகளோடு ஜனவரியில் சென்றால், மகள் ஆண்டின் முதல் நாளிலேயே மற்றக் குழந்தைகளோடு வகுப்பில் உட்காருவாள். உங்கள் பள்ளி ஊதியமில்லா விடுப்பு தருமானால், ராஜினாமாவுக்குப் பதில் அதையே கேளுங்கள். கோயம்புத்தூரில் சொந்த வீடு இருந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதை விற்க வேண்டாம்.

கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் நான்கு விவரங்களை எழுத்தில் கேட்க வேண்டும். தொகுப்பில் ஓய்வூதியப் பங்கு அடங்கியிருக்கிறதா என்பது ஒன்று. பயணச் செலவையும் முதல் சில வாரத் தங்குமிடத்தையும் யார் ஏற்பது என்பது இன்னொன்று. இரண்டு ஆண்டு முடிவில் 186 ஆம் விசாவுக்குப் பரிந்துரைக்கும் வழக்கம் அந்த நிறுவனத்துக்கு உண்டா என்பது, உங்கள் கணவரின் வயதை வைத்துப் பார்த்தால், சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி. அதை நிறுவனம் உறுதியாகத் தர மறுக்கலாம். ஆனால் இதுவரை எத்தனை பேரைப் பரிந்துரைத்திருக்கிறது என்பதையாவது சொல்லத் தயங்காது, தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். இறுதியாக, வேலை இடையில் போனால் எவ்வளவு முன்னறிவிப்பு தருவார்கள் என்று கேளுங்கள், ஏனெனில் அந்த விசாவில் வேலையிழந்தவர் 180 நாட்களுக்குள் வேறு நிறுவனத்தின் ஆதரவைப் பெற்றாக வேண்டும். இந்தப் பதில்கள் வந்து சேரும்வரை உங்கள் பள்ளியில் எதையும் சொல்ல வேண்டாம். பல்கலைக்கழகச் சான்றுகளுக்கான விண்ணப்பத்தை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.