உண்ணிச்செடி: வெட்ட வெட்டத் துளிர்ப்பது ஏன்?

உண்ணிச்செடி (லாண்டானா என்ற முட்புதர்) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மாடு பற்றியது அவசரமானது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: புதிதாக வாங்கி வந்த மாட்டை உண்ணிப்புதர் மண்டிய நிலத்தில் மேய விட்டோம். இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, சாணமும் சரியாகப் போடவில்லை. வெயிலைக் கண்டால் நிழலுக்கு ஓடுகிறது. மூக்கு சிவந்து தோல் உரிகிறது.

பதில்: இன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நாளைக்குத் தள்ள வேண்டாம். உண்ணி இலையில் உள்ள லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். ஈரல் கெட்டால் மாட்டுத் தோல் வெயிலைத் தாங்காது, கண்ணும் ஈறும் மஞ்சளாகும். அதோடு இரைப்பையின் அசைவும் நின்றுபோவதால், தின்ற இலை உள்ளேயே கிடந்து நஞ்சு தொடர்ந்து உடம்பில் ஏறும். அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மருத்துவர் வரும்வரை மாட்டை நல்ல நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுங்கள். அங்கேயே வளர்ந்த மாடு பெரும்பாலும் இந்தச் செடியை ஒதுக்கிவிடும். பசியோடு வந்த புது மாடுதான் வாய் வைக்கும். ஆடு விட்டால் புதர் அழியுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம், ஆட்டுக்கும் இதே கதிதான்.

கேள்வி: பத்து வருடம் போட்டு வைத்த மானாவாரி நிலம். போன வருடம் ஆள் வைத்து வெட்டினோம். ஒரு மழைக்கு முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. என்ன தவறு செய்தோம்?

பதில்: வெட்டிய உயரம்தான் தவறு. தரைக்கு மேலே அரிவாள் போட்டால் உண்ணிச்செடிக்குக் கவாத்து செய்த மாதிரி. ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு துளிர் கிளம்பும்.

ஒரு புதரின் அடியை மண்வெட்டியால் சுரண்டிப் பாருங்கள். தண்டும் வேரும் சேரும் இடத்தில் முடிச்சு முடிச்சாக ஒரு மொத்தை தெரியும். துளிர் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த மொத்தைக்குக் கீழே, மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஆணிவேரைக் குந்தாலியால் வெட்டுங்கள். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவர் குழுவினரும் காடுகளில் செய்து காட்டிய முறை இது.

வெட்டிய புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்கும்படி காய விடுங்கள். இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். தண்டு ஈர மண்ணில் படிந்து கிடந்தால் கணுவில் வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். முள் கையைக் கிழிக்கும் என்பதால் கவைக்கோலால் கிளையைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், வேரை வெட்ட ஒருவர் என்று இருவராகச் செய்யுங்கள். காய் பழுக்கும் முன்பே முடித்தால் விதை விழுவதையும் தடுக்கலாம்.

கேள்வி: ஜேசிபி விட்டால் ஒரே நாளில் முடியுமே?

பதில்: புதர் போய்விடும். ஆனால் மேல்மண் புரண்டு, உள்ளே கிடந்த விதைக்கெல்லாம் வெளிச்சம் கிடைக்கும். சரிவான நிலமானால் அடுத்த மழையில் மண்ணும் போய்விடும். நெருப்பு வைப்பதும் சரியில்லை. மேலே கருகினாலும் அடிமொத்தை சாகாது, கூட இருந்த நல்ல நாற்றுகள்தான் சாகும்.

கேள்வி: இந்தச் செடியைத் தின்னும் பூச்சி இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. உண்ணியின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். 1902-இல் மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுபோய் ஹவாயில் விட்டார்கள். களைக்கு எதிராகப் பூச்சியைத் திட்டமிட்டு ஏவிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. அதன் பிறகு பல நாடுகளில் பல பூச்சிகளை விட்டுப் பார்த்தும், இலை உதிர்ந்த செடி மறுபடி தழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. குந்தாலியை நம்புங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிட்டோம். வேலை முடிந்ததா?

பதில்: பாதி முடிந்திருக்கிறது. மனம் தளர வேண்டாம், கஷ்டமான பாதி முடிந்துவிட்டது. முதல் மழைக்குப் பிறகு மரத்தடிகளைப் போய்ப் பாருங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் உண்ணிப்பழம் தின்றுவிட்டு மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும். அதனால் நாற்று நிலம் முழுக்கப் பரவலாக வராது, மரத்தடியில் கொத்தாக வரும். இலையைக் கசக்கினால் அடிக்கும் அந்தக் காரமான வாசனையை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம். மண் ஈரமாக இருக்கும்போது கையால் இழுத்தாலே வேரோடு வரும். இதை இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் செய்யுங்கள். இடத்தை வெறுமனே விட்டால் உண்ணி திரும்பவும் பிடித்துக்கொள்ளும். கொள்ளோ கொழுக்கட்டைப் புல்லோ விதைத்து, நிழல் தரும் நாட்டு மரங்களையும் இடையில் நடுங்கள். அடர்ந்த நிழலில் உண்ணி சரியாக வளராது.

கேள்வி: புதருக்குள் குருவிக்கூடுகள் இருக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை.

பதில்: எனக்கும் இதே தயக்கம் உண்டு. மொத்தத்தையும் ஒரே மூச்சில் எடுக்காமல் பட்டை பட்டையாக எடுங்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் புதரை மட்டும் விட்டுவையுங்கள். குஞ்சு பறந்த பிறகு வெட்டலாம். முதலில் எடுத்த பட்டையில் வேறு செடிகள் தழைத்து, குருவிகள் ஒதுங்க ஓர் இடம் வந்த பிறகு அடுத்த பட்டைக்குப் போங்கள்.