பால் பத்தலையா, பிடி சரியில்லையா? பிள்ளை பெத்த முதல் 10 நாள்: கேள்வி பதில்

மேலூர், 2-ஆம் நாள்: சிஸ்டர், சொட்டுச் சொட்டாத்தான் வருது. பவுடர் பால் வாங்கிரவா?

வேண்டாம்மா. அந்தச் சொட்டுதான் சீம்பால். முதல் நாள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். 3, 4-ஆம் நாள்தான் பால் நல்லா இறங்கும். சிசேரியன்னா கொஞ்சம் தள்ளிப்போகலாம். அதுவரை 24 மணி நேரத்துல 8 முதல் 12 தடவை மார்புல போடுங்க. மார்பை அமுக்கிப் பார்க்காதீங்க, ஈரத்துணியை எண்ணுங்க. 6-ஆம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒண்ணுக்குப் போனா பால் பத்துதுன்னு அர்த்தம்.

திருமங்கலம், 4-ஆம் நாள்: காம்பு வெடிச்சு ரத்தம் கசியுது. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடுக்கிறேன்.

பிள்ளை வெறும் காம்பை மட்டும் பிடிச்சிருக்கு. காம்பைச் சுத்தியிருக்கிற கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள்ள போகணும். முதுகுக்குத் தலகாணி வச்சுச் சாய்ஞ்சு உக்காருங்க. நீங்க குனியாதீங்க, பிள்ளையைத் தூக்கி மார்புக்குக் கொண்டு வாங்க. அதோட வயிறு உங்க உடம்போட ஒட்டியிருக்கணும். மூக்குக்கு நேரே காம்பு. மேலுதட்டைக் காம்பால லேசாத் தடவுங்க. கொட்டாவி விடுற அளவுக்கு வாய் திறக்கிற அந்த நொடியில, தாடை முதல்ல பதியுற மாதிரி அணைச்சுக்குங்க.

சரியாப் பிடிச்சிருந்தா கீழுதடு வெளியே மடிஞ்சிருக்கும், கன்னம் குழி விழாது, முழுங்குற சத்தம் கேக்கும். வலி நிக்கலைன்னா வெடுக்குன்னு இழுக்காதீங்க. சுண்டுவிரலை வாயோரமா நுழைச்சுப் பிடியை விடுவிச்சு மறுபடி போடுங்க. வெளிய வர்ற காம்பு ஒரு பக்கமா நசுங்கி, சீவின பென்சில் மாதிரி இருந்தா பிடி இன்னும் தப்பு. புண்ணுல தாய்ப்பாலையே தடவிக் காய விடுங்க. சோப்பு கூடாது.

உசிலம்பட்டி: காம்பு உள்ளடங்கி இருக்கு.

புது 10 மில்லி சிரிஞ்சு ஒண்ணு வாங்குங்க, ஊசி வேண்டாம். ஊசி மாட்டுற முனையை அறுத்துட்டு, பிஸ்டனை அந்த அறுத்த பக்கமா நுழைங்க. வழுவழுப்பான பக்கத்தைக் காம்பு மேல வச்சு, வலிக்காத அளவுக்கு இழுத்து அரை நிமிஷம் பிடிங்க. எடுக்கும்போது பிஸ்டனைத் தள்ளிட்டுத்தான் எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் பால் குடுக்கிறதுக்கு முன்னாடி செய்யுங்க.

பேரையூர் பெரியம்மா: சித்திரை வெயில்ல நாக்கு வறண்டுராதா? ரெண்டு சங்கு சீனித்தண்ணி குடுத்தா என்ன?

தாய்ப்பால்ல 100-க்கு 87 பங்கு தண்ணிதான் பெரியம்மா. வெயில் காலத்துல ரெண்டு தடவை கூடுதலா மார்புல போட்டாப் போதும்.

பேரையூர் பெரியம்மா: எங்க காலத்துல பிறந்த பிள்ளை நாக்குல தேனோ சீனித்தண்ணியோ தொட்டு, சேனை வைக்காத வீடு உண்டா? எல்லாம் ஆளாகி நிக்கலையா?

நின்னவங்களை மட்டும் எண்ணுறீங்க. வயித்துப்போக்குல போனதை யாரும் கணக்குல சேர்க்கலை. ரெண்டு சங்கு தண்ணியில அந்தக் குட்டி வயிறு ரொம்பிரும்; பிள்ளை தூங்கிரும், மார்பு காலியாகாது. காலியாகாத மார்பு அடுத்த வேளைக்குக் குறைச்சுத்தான் சுரக்கும். அப்புறம் “அவளுக்குப் பாலே இல்லை”ன்னு பழி மருமக மேல. தேன்ல இருக்கிற ஒரு வகைக் கிருமி, ஒரு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளையோட குடல்ல வளர்ந்து விஷத்தைக் கக்கும். உடம்பே துவண்டு போகும். தேன் வேண்டவே வேண்டாம்.

வாடிப்பட்டி, 5-ஆம் நாள்: மார்பு கல்லு மாதிரி கட்டிக்கிட்டு, பிள்ளையால பிடிக்க முடியலை.

கருவட்டத்தைச் சுத்தி விரல் நுனிகளை வச்சு, நெஞ்சுப் பக்கமா ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. அந்த இடம் மெத்துன்னு ஆகும். கையால கொஞ்சம் பீய்ச்சிட்டுப் போடுங்க. குடிச்சு முடிச்சதும் குளிர்ந்த தண்ணியில நனைச்ச துணியால ஒத்தடம் குடுங்க. சிவந்து, குளிர் காய்ச்சல் வந்தா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. பால் குடுக்கிறதை மட்டும் நிறுத்தாதீங்க.

சோழவந்தான்: பால் பத்துதான்னு எப்படித் தெரியும்?

மேலூருக்குச் சொன்னதைப் படிங்க. ஈரத்துணி.

அலங்காநல்லூர்: எனக்கும் பால் பத்தலைன்னு தோணுது.

தோணுறதை விடுங்க. இன்னைக்கு எத்தனை துணி நனைஞ்சுதுன்னு எண்ணிட்டு வாங்க, பேசுவோம்.

மதுரை, தகப்பன்: 3-ஆம் நாள். கண்ணு மஞ்சளா இருக்கு, எழுப்பினாலும் குடிக்கலை. காலை வெயில்ல காட்டலாமா?

வெயில் வேண்டாம் தம்பி. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. போற வழியிலயும் அம்மா பீய்ச்சின பாலைச் சங்குல எடுத்துக் கீழுதட்டுல வச்சுப் பாருங்க. முழிச்சுச் சப்புனாக் குடுங்க. தூங்குற வாயில ஊத்தாதீங்க.

பேரையூர் பெரியம்மா: சரித்தா, தேனும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். வசம்பு?

கையில கட்டுங்க பெரியம்மா. வாய்க்குள்ள போகக் கூடாது.